ஆறு முதலில், சைக்கிள் பிறகு

*சிங்கப்பூரில் ஆற்றங்கரைகளிலும் கால்வாயோரங்களிலும் நீர்த்தேக்கங்களைச் சுற்றியும் இன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சைக்கிள் ஓட்டலாம். அந்தக் கரைகள் எப்படிக் கிடைத்தன? அதற்காக யார் இடம்பெயர்ந்தார்கள்? இப்போது அங்கே யாருக்கு வழி?*

சிங்கப்பூரில் பிற்பகல் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. மூன்று மணிவரை வெயில் சுட்டெரித்துக்கொண்டிருக்கும். பீஷான் – அங் மோ கியோ பூங்காவில், ஆற்றின் குறுக்கே போட்ட கற்களில் பள்ளிப் பிள்ளைகள் தாவிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய சைக்கிள்கள் புல்சரிவில் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராது. திடீரென மேற்கே வானம் கறுக்கும். விளக்குகள் மின்னும், அபாயச் சங்கு ஒலிக்கும், கரையேறச் சொல்லி ஒலிபெருக்கி அறிவிக்கும். பிள்ளைகள் சைக்கிளைத் தரதரவென்று மேலே இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தாவுகற்கள் இருந்த இடமே தெரியாது. தேநீர் நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்து கற்களை மூழ்கடிக்கும், பிறகு கோரையை, பிறகு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த புல்சரிவை. கூரையடியில் ஒதுங்கிய சைக்கிள்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மழை விட்டதும் ஆறு தானாக இறங்கிவிடும். சரிவில் புல் முழுவதும் சீப்பால் வாரியதுபோல் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும், அங்கங்கே சருகு சிக்கியிருக்கும். சைக்கிள்கள் மறுபடி நகரத் தொடங்கும்.

பூங்காவுக்குள் வெள்ளம் வந்துவிட்டதே என்று இங்கே யாரும் பதறுவதில்லை. வெள்ளம் ஏறி இறங்குவதற்கென்றே வடிவமைத்த பூங்கா அது. அதன் நடுவில் ஓடுவது காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. அதன் கரையோடு ஒட்டியே மிதித்தால் நகரத்தின் நடுவிலிருக்கும் காட்டோர நீர்த்தேக்கத்தில் தொடங்கிக் கடலோரம்வரை போய்விடலாம்.

உடைத்த காங்கிரீட் மேடாக நிற்கிறது

2009 வரை பீஷானுக்கு வந்தவர்கள் இங்கே ஆறு என்று எதையும் பார்த்திருக்க முடியாது. பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோட்டில் ஒரு காங்கிரீட் கால்வாய் இருந்தது. மழை பெய்தால் தண்ணீரைச் சடாரென்று கடலுக்குத் தள்ளுவது அதன் வேலை. வெயில் நாளில் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் ஓடும். இரண்டு பக்கமும் வேலி. 1960, 70-களில் வெள்ளத்தில் தவித்த ஊருக்கு அப்படிப்பட்ட கால்வாய்கள் தேவைப்பட்டன. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கால்வாய் பழசாகிப் புதுப்பிக்கவேண்டிய நேரம் வந்தபோது, தண்ணீருக்குப் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகமும் பசுமைக்குப் பொறுப்பான தேசியப் பூங்காக் கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. எந்த ஊரிலும் இது சுலபமாக நடக்கிற காரியமில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் குழு ஒரு யோசனை சொன்னது: காங்கிரீட்டை உடைத்துவிடலாம், ஆற்றை அதன் போக்கில் வளைய விடலாம், கரையை வேர்களால் பிடித்து நிறுத்தலாம். நாணலும் கல்லும் தேங்காய் நார்ப் பாயும் ஒரு வெப்பமண்டல வெள்ளத்தைத் தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானதே. அதனால் முதலில் ஒரு சின்னப் பக்கவாய்க்காலில் பல உத்திகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எந்தெந்தச் செடியின் வேர் மண்ணை விடாமல் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகே பெரிய ஆற்றில் கைவைத்தார்கள்.

2012-இல் பூங்கா திறந்தபோது, நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர் ஏறத்தாழ 3 கிலோமீட்டராக வளைந்திருந்தது. பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையில் ஆறு ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்கு விரிய இடமிருக்கிறது. தண்ணீரைச் சுமக்கும் திறன் சுமார் 40 விழுக்காடு கூடியிருக்கிறது. அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கும் இந்த வேலை, வெள்ளத் தடுப்பாகவும் பழைய காங்கிரீட்டைவிடத் தேவலாம் என்று ஆகிவிட்டது.

உடைத்தெடுத்த காங்கிரீட் பலகைகளைக் குப்பைக்கு அனுப்பவில்லை. பூங்காவிலேயே ஒரு குன்றாக அடுக்கி மண் போட்டார்கள். அதன் பெயர் மறுசுழற்சிக் குன்று. சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு ஏறினால் ஆற்றின் வளைவு முழுவதும் தெரியும்.

பெட்டிச் செய்தி: காலாங் – கையடக்கக் குறிப்பு

காலாங் ஆறு லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து காலாங் வடிநிலம்வரை சுமார் 10 கிலோமீட்டர். அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர், கோலம் ஆயர், காலாங் எனக் குடியிருப்புப் பேட்டைகளைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் ஏறக்குறைய 8 லட்சம் பேர் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017-இல் சொன்னது. பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் பரப்பு 62 ஹெக்டேர். சிங்கப்பூர் முழுவதும் சேர்த்து 32 ஆறுகளும் 8,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வடிகால், கால்வாய், நீரோடைகளும் இருக்கின்றன. தீவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை, குடிநீருக்காக நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது.

பத்து வருடக் கெடு

இந்தக் கதையை 2012-இலிருந்து சொன்னால் பாதிக் கதைதான். சிங்கப்பூருக்கு வேடிக்கை பார்க்க வருகிற பல நகரங்களின் அதிகாரிகள் அந்தப் பாதியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

1977 பிப்ரவரி 27. அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழா. பிரதமர் லீ குவான் யூ சுற்றுச்சூழல் அமைச்சுக்கு ஒரு கெடு வைத்தார்: பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஆறுகளில் மீன் உயிரோடு இருக்க வழியில்லை. மேல்பகுதியில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் கழிவை நேராக ஆற்றில் விட்டன. கரையோரக் குடிசைகளுக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. தெருவோர உணவுக் கடைகள் எச்சில் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றின. கழிமுகத்தில் படகுப் பட்டறைகள், கரிக்கிடங்குகள், எண்ணெய் ஒழுகும் தோணிகள்.

சுற்றுச்சூழல் அமைச்சின் நிரந்தரச் செயலாளர் லீ எக் தியெங் தலைமையில் நடந்த அந்தப் பத்தாண்டு வேலையில் சேற்றைத் தோண்டியது கடைசிக் கட்டம்தான். அதற்கு முன்னால் கழிவு ஆற்றுக்கு வருகிற வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. சுமார் 26,000 குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 2,800 சிறுதொழில் பட்டறைகள் இடம் மாறின. 1983-இல் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987-இல் ஆறு சுத்தம் என்று அறிவித்தார்கள். மறுகுடியேற்றத்துக்கு ஆன செலவைச் சேர்க்காமலே ஏறத்தாழ 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவானது.

இந்த எண்களை வாசிக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். 26,000 குடும்பங்கள் என்றால் அத்தனை அடுப்படிகள், அத்தனை தோட்டத்து வாழைகள், பக்கத்து வீட்டுக்கு வேலியைத் தாண்டிப் போய்வந்த வழிகள். பலருக்குக் குழாய்த் தண்ணீரும் சுகாதாரமான கழிப்பறையும் முதல்முறையாகக் கிடைத்தன. பன்றி வளர்த்தவருக்கோ, தோணி ஓட்டியவருக்கோ அதுவரை தெரிந்த தொழில் போனது. பன்றிப் பண்ணைகளில் ஒரு பகுதி பொங்கோலுக்கு நகர்த்தப்பட்டது. 1984-இல் அரசு பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. அதே பொங்கோலில்தான் இன்று குடும்பங்கள் வார இறுதியில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் சுற்றுகின்றன. கரையோரம் மிதிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மிதிப்பது நல்லது. இந்தப் பாதைகளின் விலையைப் பெரும்பகுதி கட்டியவர்கள் வேறு ஆட்கள்.

வடிகாலோரத்துச் சும்மா நிலம்

சரி, சைக்கிள் எப்போது வந்தது?

ஒவ்வொரு கால்வாயின் ஓரத்திலும் ஒரு நீள் துண்டு நிலத்தைப் பொறியாளர்கள் காலியாக வைத்திருப்பார்கள். தூர்வாரும் வண்டி போகவேண்டும், கரை இடிந்தால் சரிசெய்ய இடம் வேண்டும், நாளைக்குக் கால்வாயை அகலப்படுத்த நேரலாம். யாரும் வீடு கட்ட முடியாது, கடை போட முடியாது. சிங்கப்பூர் மாதிரி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கணக்குப் பார்க்கிற ஊரில், அப்படிச் சும்மா கிடந்த நிலத்தின் மேல் பூங்காத் துறையின் கண் விழுந்தது. பூங்காவிலிருந்து பூங்காவுக்கு இந்தத் துண்டு நிலத்தின் வழியாகவே ஒரு பாதை போட்டால் என்ன? 1991-இல் பூங்கா இணைப்புப் பாதைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆரம்பப் பாதைகளில் ஒன்று காலாங் ஆற்றங்கரையில் போடப்பட்டது. 1987-இல் சுத்தமான ஆறு, 1990-களில் பாதை. இந்த வரிசையை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். ஆற்றில் கழிவுநீர் நின்ற பிறகே கரையில் நடைபாதை வந்தது. கழிவுநீர் கலக்கிற ஏரியைச் சுற்றிப் பளபளவென்று ஓடு பதித்து, விளக்குக் கம்பம் நட்டு, பெயர்ப்பலகை வைத்துத் திறப்புவிழா நடத்தினால் சைக்கிளில் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று முடிப்பார். மறுவாரம் வரமாட்டார். ஆள் வராத கரையில் மறுபடி குப்பை சேரும்.

ஆள் வருகிற கரையில் நடப்பது வேறு. நுரை மிதந்தால் யாராவது படம் எடுத்து அனுப்புகிறார்கள். மீன் செத்து மிதந்தால் மாலைக்குள் செய்தியாகிறது. வேலி போட்டுப் பூட்டியிருந்த காலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொள்ள அதிகாரிகள் மட்டும் இருந்தார்கள். இப்போது தினமும் கரையில் மிதிக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் வேலிகளை எடுத்துவிட்டு மக்களைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியதன் பின்னாலும் இந்தக் கணக்கு இருந்தது. பீஷானும் கோலம் ஆயர் கரைத்துறையும் அதில் வந்தவை.

பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையங்களாயின. 2007-இல் கிழக்குக் கரையோரம் 42 கிலோமீட்டர் வளையம் திறந்தது. இன்று பூங்கா இணைப்புப் பாதைகள் மட்டுமே 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. ஜூரோங் ஏரித் தோட்டத்தில் தொடங்கிக் கோனி தீவுவரை, மேற்கையும் வடகிழக்கையும் இணைத்து 36 கிலோமீட்டரில் ஒரு தடம் போகிறது. கெட்டிக்கார ஓட்டுநர்கள் அதை ஒரே காலையில் முடிக்கிறார்கள். எனக்கென்றால் இடையில் நிறுத்தி ஒரு தே தாரே தேநீர் குடிக்காமல் முடிப்பதில் ஒரு சுகமும் தெரியவில்லை.

எருமைகள் குளித்த கால்வாய்

தமிழர்களுக்கு இந்தத் தண்ணீரோடு இருக்கும் உறவு பாதைகளைவிட மிகப் பழையது. லிட்டில் இந்தியாவை ஒட்டிப் போகும் ரோச்சோர் கால்வாயின் கரையில் 19-ஆம் நூற்றாண்டில் மாட்டுக் கொட்டில்கள் இருந்தன. தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வியாபாரம் செழித்தது. அந்தத் தொழிலை நம்பி இந்தியர்கள் குடியேறினார்கள். 1855-இல் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் எழுந்தது. எருமைத் தொழுவம் என்ற பொருளில் மலாய் மொழியில் அந்த வட்டாரத்துக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர் நிலைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டது, மாடுகள் போயின, பெயரும் கோயிலும் மக்களும் நின்றார்கள்.

கொஞ்சம் தெற்கே போனால் தோபி காட். அந்தக் காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த ஓடை, ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிப் பெரும்பகுதி பூமிக்கடியில் மறைந்துவிட்டது. மேலே மூன்று பெருவிரைவு ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையமும் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளும் இருக்கின்றன. 2010 ஜூன் மாதம் பெருமழையில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியபோது, மறைந்துபோன அந்த ஓடை தலைப்புச் செய்திக்கு வந்தது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. தெரியாத இடத்தில் ஓடவிட்டால் அதைப் பற்றி நாம்தான் மறந்துவிடுகிறோம்.

கரையில் மிதிக்கிறோம், அதே தண்ணீரைக் குடிக்கிறோம்

2008 அக்டோபரில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் கடலோடு கலக்கும் வாயிலில் கட்டிய அணை அது. கடல்நீர் உள்ளே வராமல் தடுத்ததால், உள்ளே இருந்த உப்புநீரை மழைநீர் மெல்ல மெல்ல வெளியேற்றி நகரத்தின் நட்டநடுவில் ஒரு நன்னீர்த் தேக்கம் உருவானது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர். தீவின் ஆறில் ஒரு பங்கு.

இதன் விளைவைக் கரையில் நின்று யோசித்துப் பாருங்கள். தோ பாயோவில் ஒருவர் வாய்க்காலில் வீசுகிற மிச்சக் காப்பி, காலாங் வழியாகக் குடிநீர்த் தேக்கத்துக்குப் போகிறது. பீஷானில் அடுக்கடுக்காகச் செடிகள் நட்ட வடிகட்டும் பாத்திகள் இருப்பதும் இதற்காகத்தான். மற்ற ஊர்களில் ஆற்றங்கரைப் பாதை ஒரு காட்சிப்பொருளாக இருக்கலாம். இங்கே அது குடிநீர்க் குழாயின் திறந்த மேல்பகுதி.

வடகிழக்கிலும் இதே பாடம்தான். பொங்கோல், சிராங்கூன் ஆறுகளின் வாயை அடைத்து 2011-இல் இரண்டு நீர்த்தேக்கங்கள் உருவாயின. இரண்டையும் இணைக்க 4.2 கிலோமீட்டருக்கு ஒரு நீர்வழியை வெட்டினார்கள். அதன் இரண்டு கரையிலும் சைக்கிள் பாதை. ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், பால்கனிகளில் காயும் துணிகள், மறுபக்கம் சேற்றோரச் செடிகள், நடுவே பாலத்துக்குப் பாலம் மாறும் கரை. ஐந்து வயதுக் குழந்தைகூடப் பயமில்லாமல் ஓட்டும் தடம். அங்கிருந்து கிழக்கே சிவப்புப் பாலத்தைத் தாண்டினால் லோரோங் ஹாலுஸ் ஈரநிலம். 1999 வரை ஊரின் குப்பையைக் கொட்டிய இடம் அது. புதைந்த குப்பையிலிருந்து கசியும் அழுக்குநீர் நீர்த்தேக்கத்துக்குள் போய்விடாமல் தடுத்து, நாணல் பாத்திகளில் விட்டுச் சுத்திகரிக்கிறார்கள். புல் அசைகிறது, கொக்கு நிற்கிறது. சக்கரத்துக்குக் கீழே பல பத்தாண்டுக் குப்பை.

நீர்நாய்கள் திரும்பியதும் இந்தக் கரைகளில்தான். பீஷானில் குடியேறிய ஒரு குடும்பம் ஆற்றோடு கீழே இறங்கி மரினா வரை போனது ஊரறிந்த கதை. அவை கூட்டமாகப் பாதையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் சைக்கிள்கள் பிரேக் பிடித்து வரிசையாக நிற்கும். அலங்கார மீன் வளர்க்கும் குளங்களுக்குள் நுழைந்து அவை விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவதால் வீட்டுக்காரர்களுக்குக் கோபமும் உண்டு. ஆறு உயிர்பெற்றால் அதோடு கூட வருகிறவற்றையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருக்கிறது.

மணியடித்தும் விலகாதவர்கள்

பாதை பிரபலமானதும் தகராறும் வந்தது. காலை ஏழு மணிக்குக் கரையில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கைகோத்து நடக்கும் முதியவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு தாய், நாய்க் கயிற்றைப் பாதையின் குறுக்கே நீட்டிப் பிடித்தபடி ஒருவர், காதில் பாட்டு கேட்டுக்கொண்டே ஓடுகிறவர், பயிற்சிக்காகக் குனிந்து பறக்கும் பந்தயச் சைக்கிள்காரர். பாதையின் அகலமோ பல இடங்களில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே போனால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத அளவு. மணியடித்தால் முதியவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நடுவிலேயே நிற்பார்.

2017-இல் நிறுத்துமிடம் இல்லாத வாடகைச் சைக்கிள்கள் ஊரில் வந்து குவிந்தன. கைப்பேசியில் திறந்து எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம். விட்டுவிட்டுத்தான் போனார்கள்: நடைபாதையில், மின்தூக்கி வாசலில், புல்தரையில், சிலர் கால்வாய்க்குள்ளேயே வீசினார்கள். 2018 ஜூனில் இத்தகைய சைக்கிள்களை வாடகைக்கு விட்ட ஓபைக் நிறுவனம் சிங்கப்பூரில் கடையை மூடியபோது ஏராளமானோரின் முன்பணம் சிக்கிக்கொண்டது. அவ்வாண்டே உரிம முறையும் வந்தது. 2019 முதல் நிறுத்துமிடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை வருடினால்தான் வாடகை முடியும், இல்லாவிட்டால் 5 வெள்ளி கூடுதல் கட்டணம். சின்ன விதிதான். கரையோரக் குவியல்கள் பெருமளவு குறைந்தன.

மின்ஸ்கூட்டர் பிரச்சினை இன்னும் கடுமையானது. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் சென்ற ஒரு பெண் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. ஒரே இரவில் உணவு விநியோக ஊழியர்கள் பலருக்குப் பிழைப்பு கேள்விக்குறியானது. அவர்களுக்காக அரசு மானியம் அறிவிக்க நேர்ந்தது. நடைபாதைத் தடைக்குப் பின் அந்த வண்டிகள் பூங்கா இணைப்புப் பாதைகளையும் சைக்கிள் பாதைகளையும் தேடி வந்தன. நகரின் ஒரு மூலையில் போடும் விதி, ஆற்றங்கரையில் நடக்கும் பாட்டியின் காலைப்பொழுதை மாற்றிவிடுகிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கரை முதலில் நடப்பவருக்கு, பிறகு மெதுவாக மிதிப்பவருக்கு. வேகம் வேண்டியவர் சாலைக்குப் போகட்டும். அங்கே அவருக்குப் பாதுகாப்பான தடம் போட்டுத் தருவது அரசின் கடமை. அந்தத் தடம் சாலையில் இன்னும் சரியாக இல்லாததால்தான் எல்லோரும் கரையில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: கரையோரம் மிதிக்கத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். சைக்கிள் அனுமதிக்கப்படும் நடைபாதைகளில் 10 கிலோமீட்டர். பாதசாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதைகளில் 2025 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டக்கூடாது. இருட்டிய பிறகு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். சாலையில் இறங்கினால் தலைக்கவசம் வேண்டும். மின்சைக்கிள் ஓட்ட 16 வயதாகியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வும் உண்டு. ஆற்றோரம் அபாயச் சங்கு கேட்டால் சைக்கிளைத் தேடிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

இறங்கித் தள்ளவேண்டிய இடங்கள்

காலாங் கரையின் பெரிய குறை, அது அடிக்கடி அறுந்துபோவது. ஆறு பாட்டுக்குப் பாலத்துக்கு அடியில் போய்விடும். சைக்கிள்காரருக்கு முன்னால் ஒரு பெருஞ்சாலை குறுக்கே கிடக்கும். இறங்கித் தள்ள வேண்டும், சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும், சில இடங்களில் நடைமேம்பாலத்தில் சைக்கிளைத் தூக்க வேண்டும். விடுமுறை நாளில் வருகிறவருக்கு இது சின்னத் தொந்தரவு. தினமும் காலை எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்கவேண்டியவருக்கு இதுவே சைக்கிளை விட்டுவிட்டு ரயிலில் ஏறப் போதுமான காரணம். பீஷானிலிருந்து நகர மையம்வரை நிற்காமல் மிதிக்கும்படி, பெருஞ்சாலைகளுக்கு அடியில் சுரங்கப்பாதையும் மேலே சைக்கிள் பாலமும் கட்டும் திட்டத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017-இல் மக்கள் முன் வைத்தது. ஓர் ஆற்றங்கரைப் பாதைக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. கரையருகே 8 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்பதே அதற்குப் பதில்.

மேற்கே உலு பாண்டான் கால்வாயோரப் பாதையை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே கூட்டம் குறைவு, நிழல் அதிகம். கிளமெண்டி பக்கம் ஓரிடத்தில் கால்வாயின் குறுக்கே பழைய ஜூரோங் ரயில் தடத்தின் இரும்புப் பாலம் நிற்கிறது. ரயில் நின்று வெகுகாலமாகிவிட்டது. கால்வாயோடு போனால் பாண்டான் நீர்த்தேக்கம். அதைச் சுற்றிய கரையில் மாலைக் காற்று எதிரே அடிக்கும்போது கால் கெஞ்சும். நிழல் ஒரு பொட்டுகூடக் கிடையாது. தண்ணீர்ப் புட்டி இல்லாமல் போகாதீர்கள்.

யாருடைய சைக்கிள்?

சிங்கப்பூரில் சைக்கிளைப் பற்றிய பேச்சு எல்லாம் வார இறுதியைச் சுற்றியே நடக்கிறது. வாரம் முழுக்க மிதிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வந்து கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்யும் தொழிலாளர்கள் அவர்களில் கணிசமானோர். விடுதிக்கும் கடைக்கும், விடுதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே அவர்களுக்குச் சைக்கிள்தான் கால். பெரும்பாலும் கைமாறி வந்த சைக்கிள். ஊருக்குத் திரும்பும் நண்பர் விட்டுப் போனதாக இருக்கும், கூடை கொஞ்சம் கோணியிருக்கும், சங்கிலி கரகரக்கும்.

அவர்கள் மிதிக்கும் சாலைகள் எவை? தொழிற்பேட்டைச் சாலைகள். சிமெண்ட் கலவை வண்டிகளும் கொள்கலன் லாரிகளும் ஓயாமல் போகும் சாலைகள். மிக நல்ல பாதைகள் குடியிருப்புப் பேட்டைகளைச் சுற்றி அமைந்திருக்க, சைக்கிளை நம்பியே நடமாடும் மனிதர்களுக்கு அந்தப் பாதை எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஓர் ஆற்றங்கரைப் பாதை எவ்வளவு அழகு என்பதைவிட, வேலை முடிந்து இருட்டில் திரும்புகிற ஒருவரை லாரிச் சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாதை போடுகிறவர்களின் வரைபடத்தில் தொழிலாளர் விடுதிகளும் ரயில் நிலையத்தைப் போல, பள்ளிக்கூடத்தைப் போல ஒரு புள்ளியாக இருக்க வேண்டும்.

அதற்கான வாய்ப்பு கையில் இருக்கிறது. தீவை முழுவதுமாகச் சுற்றிவரும் 150 கிலோமீட்டர் பாதையில் பாதி, 75 கிலோமீட்டர், 2021 டிசம்பரில் திறந்துவிட்டது. வடக்கே தொடங்கிக் கிழக்கைச் சுற்றித் தெற்கே முடிகிற பாதி அது: கடற்கரை, பூங்கா, குடியிருப்பு. மிச்சப் பாதி 2035-க்குள் முடியவேண்டும். அது போகவேண்டியது மேற்கிலும் வடமேற்கிலும். ஜூரோங், துவாஸ், கிராஞ்சி என்று பெரிய விடுதிகளும் தொழிற்பேட்டைகளும் நீர்த்தேக்கங்களும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பாதையிலிருந்து விடுதி வாசல்வரை ஒரு கிளை, அதில் இரவு முழுக்க எரியும் விளக்கு, சைக்கிளை நனையாமல் நிறுத்த ஒரு கூரை. இவற்றை வரைபடத்தில் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.